எழுந்து நிற்கும் வலிமை

முதுமையில் நடை தளர்ந்தால் மூட்டுத் தேய்மானத்தையே பலரும் காரணமாகக் கூறுகின்றனர். ஆயினும், நாற்காலியின் கைப்பிடியை ஊன்றாமல் எழ இயலாத முதியவர் பலரிடம் நாங்கள் காண்பது தொடைத் தசையின் மெலிவு.

தசையின் அளவு நடுவயதிலேயே குறையத் தொடங்கி, 60 வயதுக்குப்பின் விரைந்து குறைகிறது. படுக்கை அதனை மேலும் முடுக்கிவிடும். 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நோயற்ற முதியோர் சிலர் 10 நாள்கள் படுக்கையிலேயே இருந்தனர். அவர்களுடைய கால்கள் ஏறத்தாழ ஒரு கிலோ தசையை இழந்தன. காய்ச்சலில் கிடப்பவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இல்லத்தாரின் அன்பும் சில வேளை இதற்குத் துணைபோகிறது. தண்ணீர்ச் செம்பும் உணவுத் தட்டும் கட்டிலுக்கே வந்துவிடுகின்றன. “நீங்கள் எழ வேண்டாம் அப்பா” என்று மகள் சொல்வது பரிவுதான். ஆனால் அன்றாடம் இருபது முறை எழுந்தவர் இரண்டு முறையோடு நின்றுவிடுகிறார்.

உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின்மீது கட்டிக்கொண்டு, காலையும் மாலையும் ஐந்து முறை எழுந்து அமரட்டும். இயலாதவர் கைப்பிடியைப் பற்றலாம். நீங்கள் அருகில் நில்லுங்கள், தூக்கிவிடாதீர்கள். அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டோரும், நெஞ்சுவலி, தலைச்சுற்றல் உள்ளோரும் மருத்துவரைக் கேட்டபின்னரே தொடங்க வேண்டும். பருப்பு, முட்டை, மீன், தயிர் ஆகியவை தசைக்கு உரமாகும். சிறுநீரக நோயாளர்க்கு அளவு வேறு.

நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் இயல்பாக நடந்து, திரும்பிவந்து அமர எத்தனை விநாடிகள் ஆகின்றன என்று பாருங்கள். 12 அல்லது அதற்கு மேலாயின் விழும் வாய்ப்பு மிகுதி. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு இயன்முறை மருத்துவப் பிரிவுக்கு வாருங்கள்.