கடலில் மூண்ட தீயை எதிர்த்து நின்றோர் நினைவாக

2021ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி, கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த 'எக்ஸ்-பிரஸ் பேர்ள்' என்னும் சரக்குக் கப்பலில், 1,486 கொள்கலன்களுக்கும் அவற்றுட் சிலவற்றில் இருந்த 25 தொன் நைத்திரிக் அமிலத்துக்கும் நடுவே மூண்ட அக்கினியை, இலங்கைக் கடற்படையினரும் இழுவைக் கப்பல் மாலுமிகளும் இந்தியக் கரையோரக் காவற்படையினரும் பத்து நாட்களுக்கு மேலாக எதிர்த்து நின்றனர்.

கப்பலில் பற்றும் தீ வீட்டுத் தீயைப் போன்றதன்று. அளவின்றி நீரை இறைத்தால் அந்நீரின் பாரமே கலத்தைச் சாய்த்துவிடும். இறைக்காது விட்டாலோ, உருக்குச் சுவர்களின் வழியே உஷ்ணம் அடுத்த அறைக்குத் தாவிவிடும். சோழகக் காற்று ஓங்கிய வேளையில், மே 25ஆம் திகதி பெரும் வெடிப்பு நிகழ்ந்தபோது, கப்பலில் இருந்த 25 பேரையும் உயிரோடு மீட்டதே அவர்கள் செய்த காரியங்களுள் தலையாயது என்பது எமது துணிபு. 1944இல் பம்பாய்த் துறைமுகத்தில் எரிந்த 'போர்ட் ஸ்டிக்கைன்' கப்பலை அணைக்கப்போன தீயணைப்பு வீரருள் 66 பேர் திரும்பவேயில்லை; அச்சம்பவம் நிகழ்ந்த ஏப்ரல் 14ஐயே இந்தியா தீயணைப்புச் சேவை தினமாக அனுஷ்டிக்கிறது.

யூன் 2ஆம் திகதி ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்கையில் கப்பல் அமிழத் தொடங்கியது. அதில் ஏற்றப்பட்டிருந்த சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளில் ஒரு பகுதி நீரோட்டத்தோடு வடக்கே வந்து, புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்திலும் ஒதுங்கியது. பருப்பளவேயான வெண்மணிகள், சில தீயிற் கருகி ஒன்றோடொன்று ஒட்டிய கட்டிகள். பாதுகாப்பு அங்கி தரித்த கடற்படையினர் வெயிலில் மண்டியிட்டு, ஈரமணலை அரிதட்டில் இட்டுக் குலுக்கி, சிப்பித் துண்டுகளுக்கிடையே அவற்றைப் பிரித்தெடுத்துச் சாக்குகளில் நிரப்பினர்.