ராமானுஜன் தவறவிட்ட எண்

நூற்றுக்கும் மேற்பட்ட எண்களைக் கையால் கணக்கிட்டவரின் பட்டியலில் ஒரே ஓர் ஓட்டை

ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் மூன்றும் தொட்டுக்கொள்ளும் மூலையில் இருக்கிறது சித்தூர் மாவட்டத்துக் குப்பம். அங்கே அகஸ்தியா அறக்கட்டளையின் வளாகத்தில் 2017 கடைசியில் திறக்கப்பட்டது ராமானுஜன் கணிதப் பூங்கா. கணக்கு என்றாலே ஓடும் பிள்ளைகளை அதைத் தொட்டு விளையாட வைப்பது இதன் நோக்கம்.

பெயருக்கு உரியவரும் பரீட்சையில் தோற்ற பிள்ளைதான். கும்பகோணத்திலும் சென்னையிலும் படித்தும் எஃப்.ஏ. தேறவில்லை. 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது. அதற்குக் காரணம், முந்தைய ஆண்டு லண்டன் கணிதக் கழகம் வெளியிட்ட ஒரு நீண்ட கட்டுரை.

கட்டுரையின் விஷயம் எளிமையானது. 12-ஐ மீதியின்றி வகுப்பவை 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை இல்லை. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் காரணிகளில் முந்தும் எண்களைத் தனி வகையாகப் பிரித்தார் ராமானுஜன். 24, 36, 48, 60 என்று தொடரும் அவரது அட்டவணை 67,46,32,83,88,800-ல் முடிகிறது. அதற்கு 10,080 காரணிகள். கம்ப்யூட்டர் இல்லாத காலம், எல்லாம் கைக்கணக்கு.

அதில் ஒரே ஓர் எண் விடுபட்டிருந்தது: 2,93,31,86,25,600. இதைப் பிரித்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5-ம் 7-ம் இரண்டிரண்டு முறையும், 11, 13, 17, 19 ஒவ்வொரு முறையும் வரும். ஒவ்வொரு எண்ணிக்கையோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் (7×5×3×3×2×2×2×2) காரணிகள் 5,040. வேடிக்கை என்னவென்றால், இதை 23-ஆல் பெருக்கினால் வருவது அட்டவணையின் கடைசி எண். பேரன் பட்டியலில் இருக்கிறான், தாத்தாவைக் காணோம்!

இன்னொன்றும் விடுபட்டது. முதல் உலகப் போர்க் காலத்தில் கழகத்துக்குப் பண நெருக்கடி. கட்டுரையின் பிற்பகுதி அச்சேறவில்லை. 1997-ல்தான் அது முழுமையாக வெளிவந்தது. ரீமானின் 1859-ம் ஆண்டுக் கருதுகோள் உண்மையானால், ஓர் எண்ணின் காரணிகளைக் கூட்டினால் வரும் தொகை எந்த வரம்புக்குள் அடங்கும் என்று அதில் ராமானுஜன் கணித்திருந்தார்.

அது அச்சாகும் முன்பே, 1984-ல், பிரெஞ்சுக் கணிதர் கீ ராபின் இந்தத் தொடர்பை இறுக்கிக் காட்டினார்: 5,040-க்கு மேற்பட்ட ஓர் எண்கூட அத்தகைய வரம்பை மீறாது என்று நிரூபித்தால், ரீமான் கருதுகோளே நிரூபணமாகிவிடும். 2000-த்தில் அதற்கு 10 லட்சம் டாலர் பரிசு அறிவிக்கப்பட்டது. தவறிய எண்ணின் காரணிகளும் அதே 5,040 என்பது தற்செயல்தான். பரிசுத் தொகையை இன்னும் யாரும் வாங்கவில்லை. குப்பத்துப் பூங்காவில் விளையாடும் பிள்ளைகளும் முயலலாம்.