மரகத நகரத்துப் பாதை – 9: சிவப்புக் காலணி யாருடையது?

எல். ஃபிராங்க் பாமின் நாவலில் நாயகி டாரதியின் காலணி வெள்ளி. 1939இல் எம்.ஜி.எம். ‘தி விசர்ட் ஆஃப் ஆஸ்’ படத்தை எடுத்தபோது, டெக்னிகலரில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகத் திரைக்கதையில் அது சிவப்பானது. பாம், சூறாவளி, கான்சாஸ் எல்லாம் இத்தொடரின் முந்தைய வாரங்களிலேயே வந்துவிட்டன.

பாமின் 1900ஆம் ஆண்டு நாவலுக்கு அமெரிக்காவில் இருந்த பதிப்புரிமை 1956இல் முடிந்தது. டாரதியையும் தகர மனிதனையும் வைத்து இனி யாரும் கதை பண்ணலாம். சிவப்புக் காலணி மட்டும் படத்தில் பிறந்த பொருள். அதைத் தொட வேண்டுமானால் படத்தின் உரிமையாளரிடம் போக வேண்டும். ஒரு தொடர்ச்சிப் படம் நாவலைப் பின்பற்றுகிறதா, 1939 படத்தைப் பின்பற்றுகிறதா என்பதை நாயகியின் காலே பெரும்பாலும் சொல்லிவிடும்.

உடையலங்காரக் கலைஞர் ஏட்ரியன் வடிவமைத்த அந்தக் காலணி, பக்கத்தில் போய்ப் பார்த்தால் வெகு எளிமையானது. சாதாரணக் குதிகால் காலணியின் மேல் சிவப்புச் சமிக்கி தைத்த வலைத்துணி. ஒரு காலுக்கு 2,000க்கும் மேற்பட்ட சமிக்கிகள். நடனத்தின்போது சத்தம் கேட்காமலிருக்கச் சில ஜோடிகளின் அடியில் கம்பளித்துணி ஒட்டினார்கள். ஒரு ஜோடி வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொரு ஜோடி 2005இல் மின்னசோட்டாவின் கிராண்ட் ராப்பிட்ஸில், ஜூடி கார்லண்ட் அருங்காட்சியகத்திலிருந்து களவு போனது. நிஜ மாணிக்கம் என்று நம்பி எடுத்த திருடர், வெறும் கண்ணாடி என்று தெரிந்ததும் அதைக் கைகழுவினார். 2018இல் எஃப்.பி.ஐ. மீட்ட அதே ஜோடி, 2024 டிசம்பரில் 2.8 கோடி டாலருக்கு ஏலம் போனது, கட்டணங்களோடு 3.25 கோடி.

தொடர்ச்சிகளில் நெஞ்சைத் தொடுவது ஃபில்மேஷன் நிறுவனத்தின் கார்ட்டூன் படமான ‘ஜர்னி பேக் டு ஆஸ்’. 1962இல் தொடங்கி, பணமில்லாமல் முடங்கி, 1970களில்தான் திரைக்கு வந்தது. டாரதிக்குக் குரல் கொடுத்தவர் ஜூடி கார்லண்டின் மகள் லைசா மின்னெல்லி. எம் அத்தையாகப் பேசியவர், 1939இல் சூனியக்காரியாக வந்து குழந்தைகளை நடுங்க வைத்த மார்கரெட் ஹாமில்டன். எம்.ஜி.எம்.முக்கு இதில் பங்கில்லை. ஆனாலும் பழைய படத்தோடு இவ்வளவு ரத்த உறவுள்ள தொடர்ச்சி வேறில்லை.

டிஸ்னியின் ‘ரிட்டர்ன் டு ஆஸ்’ (1985) பாமின் இரண்டாம், மூன்றாம் ஆஸ் நாவல்களைக் கலந்து எடுத்தது. நாவலில் நோம் அரசனின் இடுப்பில் மந்திரக் கச்சை இருக்கும். படத்தில் அதற்குப் பதிலாக அவன் காலில் சிவப்புக் காலணி. அதற்காக டிஸ்னி எம்.ஜி.எம்.முக்குப் பணம் கட்டியது. இயக்குநர் வால்டர் மர்ச்சைப் படப்பிடிப்பின் நடுவே நீக்கினார்கள். ஜார்ஜ் லூகாஸ் வந்து பேசிய பிறகுதான் அவர் திரும்பினார். படம் வசூலில் தோற்றது. பாமின் இருட்டை இவ்வளவு உண்மையாகக் காட்டிய படம் இதுதான்.

பழைய படத்தின் உரிமை பின்னர் வார்னர் பிரதர்ஸிடம் வந்தது. 2013இல் டிஸ்னி முன்கதைப் படம் எடுத்தபோது சிவப்புக் காலணியைத் தவிர்த்தது. சூனியக்காரியின் பச்சை நிறத்தைக்கூட வேறாக்கியது. உரிமையாளரான வார்னரே கொண்டுவந்த தொடர்ச்சி, 2016இன் ‘டாம் அண்ட் ஜெர்ரி: பேக் டு ஆஸ்’.

இந்த வாரம் வருவதாக இருந்த ‘விக்கெட்’, காலணிக்கு இடம் கொடுத்து அடுத்த வாரத்துக்குப் போகிறது. யுனிவர்சல் எடுத்த அந்தப் படத்தில் காலணி மறுபடி வெள்ளி.