முதல் கத்தி, முதல் உறை

கத்தி செய்யவும் அதற்குத் தோல் உறை தைக்கவும் ஆசைப்படுகிறவருக்குச் சித்தூர், திருப்பதி வட்டாரம் வாய்ப்பான இடம். தேவையான பொருள் இரண்டு: எஃகு, தோல். எஃகு நெடுஞ்சாலையோரத்துப் பழைய இரும்புக் கடைகளில் லாரி ஸ்பிரிங் பட்டையாகக் குவிந்து கிடக்கிறது. தோலுக்குத் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டினால் போதும். ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று இந்தியாவின் பெரிய தோல் வட்டாரமே பாலாற்றுப் படுகையில் இருக்கிறது. 1911 வரை சித்தூரும் வேலூரும் ஒரே வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தவைதான்.

முதலில் எதைச் செய்வது? 4 அங்குல அலகு கொண்ட சிறிய கத்தி. தோட்டத்தில் பெங்களூரா மாங்காயை அறுக்கவும், கயிறு வெட்டவும், அடுக்களையில் காய் நறுக்கவும் அது போதும். அரிவாளும் வேட்டைக்கத்தியும் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் அலகு நீளமாக ஆக, சூடேற்றும்போது கோணிக்கொள்ளும் வாய்ப்பும் கூடும். சட்டத்தையும் மனதில் வைக்க வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 2016ஆம் ஆண்டு விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகிய வேலைகளுக்கென்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. 4 அங்குலக் காய்கறிக் கத்திக்கு இந்தக் கவலையே இல்லை. அதற்காக அதைப் பையில் போட்டுக்கொண்டு திருமலைக்குக் கிளம்பிவிடாதீர்கள். அலிபிரியில் சோதனை உண்டு.

புதிதாகச் செய்பவர்கள் அலகின் வடிவத்துக்கும் பளபளப்புக்கும்தான் அதிக நேரம் செலவிடுகிறார்கள். கத்தி கெடுவது கண்ணுக்குத் தெரியாத இரண்டு இடங்களில். ஒன்று, எஃகுக்குத் துவைச்சல் போடும், அதாவது அதைச் சுட்டு நனைத்து இறுக்கும், அந்தச் சில நிமிடங்கள். மற்றொன்று, உறையின் உள்ளே தையலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சிறு தோல் பட்டை. இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்தால், மற்ற குறைகளோடும் கத்தி பத்து வருடம் உழைக்கும்.

எஃகிலிருந்து தொடங்குவோம். கடையில் விற்கும் சாதாரண இரும்புப் பட்டையில் கரி மிகக் குறைவு. அதை எவ்வளவு சுட்டு நனைத்தாலும் கூர் நிற்காது. கத்திக்கு ஏறத்தாழ 0.6 முதல் 1 சதவீதம் வரை கரி உள்ள எஃகு வேண்டும். லாரி ஸ்பிரிங் பட்டை இந்த வரம்பின் கீழ்ப்பக்கத்தில் நிற்கிறது. தமிழ்நாட்டில் அரிவாள் அடிக்கும் பட்டறைகள் பலவற்றில் அதுதான் மூலப்பொருள். ஆனால் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். எனவே முதல் கத்திக்கு 1084 அல்லது 1075 என்ற எண்ணில் விற்கும் புதிய பட்டையை 3 மில்லிமீட்டர் கனத்தில் வாங்குங்கள் என்பேன். அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் கரியின் அளவு: 0.84 சதவீதம், 0.75 சதவீதம். கையில் இருப்பது என்ன எஃகு என்று தெரிந்தால்தான் எவ்வளவு சூடு வேண்டும் என்று தெரியும். பழைய பட்டைதான் கிடைத்தது என்றால் சாணைக்கல்லில் வைத்துப் பொறியைப் பாருங்கள். சாதாரண இரும்பின் பொறி நீளக் கோடாக ஓடி அணையும். கரி அதிகமானால் கோட்டின் நுனி பூப்பூவாக வெடிக்கும்.

உலையில் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்துத்தான் கத்தி செய்ய வேண்டும் என்பதில்லை. பட்டையில் வடிவத்தை வரைந்து, ரம்பத்தால் வெட்டி, அரத்தால் தேய்த்தே முழு அலகையும் கொண்டுவரலாம். உலகெங்கும் பொழுதுபோக்காகக் கத்தி செய்பவர்களில் பலர் தொடங்குவது இப்படித்தான். பிடிக்குள் போகும் காம்பைப் பிடியின் முழு நீளத்துக்கும் விடுங்கள். பிடிக்கான ஆணித் துளைகளை இப்போதே போட்டுவிட வேண்டும். துவைச்சலுக்குப் பிறகு துளைக்கருவி இறங்காது. வாய்ப்பக்கத்தையும் இந்தக் கட்டத்திலேயே கூராக்கிவிடக் கூடாது. அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலாவது கனம் இருக்கட்டும். மெலிந்த வாய் உலையில் கருகும், எண்ணெயில் வெடிக்கும். தேய்க்கும்போது மூக்கை மூடும் நல்ல முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். எஃகுத் தூசியும் மரத்தூசியும் நுரையீரலில் தங்கும்.

இனி துவைச்சல். இதற்கு மட்டும் உலை வேண்டும். எஃகைச் செக்கச் சிவக்கச் சுடும்போது அதன் உள் அடுக்கு மாறுகிறது. கரி இரும்புக்குள் கரைந்து பரவுகிறது. சட்டென்று குளிர்வித்தால் அந்தக் கரி வெளியேற நேரமில்லாமல் சிக்கிக்கொள்ள, எஃகு கல்லாக இறுகிவிடும். எந்தச் சூட்டில் நனைப்பது என்பதற்கு ஒரு காந்தம் போதும். இரும்பு 770 டிகிரி செல்சியஸ் அளவில் காந்தத்தில் ஒட்டுவதை விட்டுவிடும். அலகை எடுத்துக் காந்தத்தில் தொட்டுப் பார்த்து, ஒட்டவில்லை என்றதும் இன்னும் ஒரு சாயல் மட்டும் சிவக்க விட்டால் 800ஐத் தாண்டியிருக்கும். 1084க்கு 815 சரியான அளவு. இதை வெயிலில் செய்யாதீர்கள். சித்தூர் வெயிலில் சிவப்பின் சாயல்கள் கண்ணுக்கே படாது. கூரைக்கடியில், அந்தி நேரத்தில் செய்தால்தான் நிறம் பிடிபடும்.

குளிர்விக்கக் கடலை எண்ணெய் போதும். 50, 60 டிகிரிக்குச் சூடாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த எண்ணெயை விட இளஞ்சூடான எண்ணெய் நீர்த்திருப்பதால் அலகைச் சீக்கிரம் சூழ்ந்துகொள்ளும். பாத்திரம் உலோகமாக, ஆழமாக, மூடியோடு இருக்க வேண்டும். குறட்டால் பிடித்து நுனி கீழாக நேரே இறக்குங்கள். மேலும் கீழும் அசைக்கலாம்; பக்கவாட்டில் அசைத்தால் அலகு வளையும். புகை எழும், சில நேரம் எண்ணெயின் மேற்பரப்பில் தீ பிடிக்கும். மூடியைப் போட்டால் அணைந்துவிடும். தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது. காசு மிச்சம் என்று பழைய என்ஜின் ஆயிலைப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். அதன் புகை உடம்புக்குக் கேடு.

வெளியே எடுத்து ஆறியபின் வாயில் அரத்தை ஓட்டுங்கள். அரம் கடிக்காமல் வழுக்கினால் துவைச்சல் பிடித்திருக்கிறது. ஆனால் இந்த நிலையில் அலகு கண்ணாடி போல நொறுங்கும், தரையில் விழுந்தாலே உடையலாம். உடனே மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்த வேண்டும். வீட்டு ஓடிஜி அடுப்பை 200 டிகிரியில் வைத்து இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். அடுப்பின் திருகு காட்டும் எண்ணை நம்பாமல் உள்ளே ஒரு வெப்பமானியை வையுங்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் இளம் வைக்கோல் நிறம் வந்திருந்தால் சரி. நீலம் ஏறியிருந்தால் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது. ஸ்பிரிங்குக்கு அது நல்ல பதம், கத்தி வாய்க்கு மிக மென்மை.

அனுபவப்பட்ட ஆசாரி இதை அடுப்பில்லாமலே செய்வார். வாயை மட்டும் நனைத்து, சூடு தங்கிய முதுகோடு வெளியே எடுத்து, ஒரு கல்லால் சரசரவென்று தேய்த்துவிட்டுப் பார்ப்பார். முதுகின் சூடு வாயை நோக்கி இறங்க இறங்க வைக்கோல், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறங்கள் வரிசையாக நகர்ந்து வரும். வைக்கோல் நிறம் வாயைத் தொடும் நொடியில் மொத்தமாக நனைத்துவிடுவார். புத்தகத்தில் படித்து இதைச் செய்ய முடியாது. பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். உங்கள் ஊரில் இன்னும் உலை ஊதும் பட்டறை இருந்தால், அலகை நீங்களே தேய்த்து எடுத்துப்போய் "ஆசாரி, இதுக்குத் துவைச்சல் போட்டுக் குடுங்க, நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிறேன்" என்று கேளுங்கள். எண்ணெயில் நனைக்க வேண்டிய எஃகு என்பதைச் சொல்லிவிடுங்கள். பல பட்டறைகளில் தண்ணீரில்தான் நனைப்பார்கள், இந்த எஃகு தண்ணீரில் வெடிக்கலாம்.

பிடிக்கு மரம் தேடும்போது திருப்பதிக்காரர்களுக்கு ஒரு சபலம் வரும். சேஷாசலம் மலை பக்கத்திலேயே இருக்கிறது, செம்மரத்தை விட அழகான பிடி உண்டா என்று. வேண்டாம். இந்த மலைத்தொடரையும் இதன் சுற்றுவட்டாரத்தையும் விட்டால் செம்மரம் இயற்கையாக வேறெங்கும் வளர்வதில்லை. அனுமதியில்லாமல் ஒரு துண்டு வைத்திருந்தாலும் வழக்கு. 2015 ஏப்ரல் 7 அன்று இதே சேஷாசலக் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 தொழிலாளர்கள் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த மரத்தை ஒரு பொழுதுபோக்குக்காகத் தொடுவதற்கு எனக்கு மனம் வராது. பதிலாகச் சீமைக்கருவேலத்தை எடுங்கள். எரிக்கவும் கரி போடவும் மட்டுமே லாயக்கு என்று நாம் ஒதுக்கிய அந்த மரம், உலர்ந்தபின் கெட்டியாக, பெரிதாகச் சுருங்கவோ வீங்கவோ செய்யாமல், ஆழ்ந்த பழுப்பில் இருக்கும். நாட்டுக் கருவேலமும் புளியும் நல்லவை. இரண்டு பலகைகளை அரால்டைட் போட்டு ஒட்டி, பித்தளை ஆணி அடித்து, கைக்குப் பொருந்தத் தேய்த்து ஆளிவிதை எண்ணெய் பூசினால் பிடி முடிந்தது.

உறைக்கு வருவோம். கடையில் தோல் கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது குரோமியத்தில் பதனிட்டது. செருப்புக்கும் சட்டைக்கும் அது சரி, மெத்தென்று இருக்கும். கத்தி உறைக்கு அந்த மெதுமையே குறை. வடிவம் நிற்காது, அதில் தங்கும் உப்புகளால் எஃகு துருப்பிடிக்கவும் கூடும். வேண்டியது தாவரப் பதனீட்டுத் தோல். கடைக்காரரிடம் 'வெஜிடபிள் டேன்' என்று கேளுங்கள், 3 மில்லிமீட்டர் கனத்தில். வெட்டிய ஓரம் முழுக்கப் பழுப்பாக இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உறிஞ்சிக் கறுக்கும். குரோமியத் தோலின் நடுவில் நீலச் சாம்பல் நிறம் தெரியும். சென்னை பெரியமேட்டில் துண்டுத் தோலாகவும் வாங்கலாம். ஓர் உறைக்கு முழுத் தோல் எதற்கு?

தாவரப் பதனீடு நம் பகுதிக்குப் புதிதல்ல. ஆவாரம் பட்டையில் ஊறவைத்துக் கடுக்காயில் முடிக்கும் முறைதான் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் லண்டன் சந்தை வரை போனது. அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. பின்னாளில் குரோமியத் தொழிற்சாலைகள் பெருகி, பாலாற்று நிலத்தடி நீர் எப்படி மாசுபட்டது என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் வேலூர் வழக்கில் சொன்னது. தாவரப் பதனீட்டிலும் கழிவுநீர் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. தோலைப் பற்றி முறையாகக் கற்க நினைப்பவர்களுக்கு அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

முதல் உறைக்கு எளிய வடிவம், கத்தியை நடுவில் வைத்து மடித்து ஒரு பக்கம் தைப்பது. முதலில் தடித்த அட்டையில் வெட்டிப் பாருங்கள். கத்தியின் முதுகு மடிப்பில் வரட்டும், வாய் தையல் பக்கம். இங்கேதான் அந்தச் சிறு பட்டை வருகிறது. இரண்டு தோலுக்கும் நடுவில், வாயின் வளைவை ஒட்டி, ஒரு விரல் அகலத்துக்கும் குறைவாக மூன்றாவது தோல் பட்டை ஒன்றை வைத்து ஒட்டித் தைக்க வேண்டும். கத்தியைச் செருகும்போது வாய் அந்தப் பட்டையில் மோதி நிற்கும். பட்டை இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் நூலையே அறுக்கும். ஒருநாள் உறை பிளந்து கத்தி தொடையில் இறங்கும்.

தையலுக்கு ஒரு நூல், இரு முனையிலும் ஊசி. நூலின் நீளம் தையலின் நீளத்தைப் போல நான்கு மடங்குக்குக் கொஞ்சம் மேலே. நூலைத் தேன்மெழுகில் இழுத்துக்கொள்ளுங்கள். 4 மில்லிமீட்டருக்கு ஒரு துளையாகக் குத்தூசியால் போட்டு, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து கடந்துபோக வேண்டும். ஓரிடத்தில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். மெஷின் தையலுக்கு அந்த உறுதி கிடையாது. தைத்த உறையைத் தண்ணீரில் நனைத்து, கத்தியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிச் செருகி, விரலால் பிடியின் வளைவைச் சுற்றி அழுத்திவிட்டு நிழலில் காயவிடுங்கள். காய்ந்த தோல் அந்த வடிவத்திலேயே இறுகும். வெயிலில் போட்டால் சுருங்கி வெடிக்கும்.

உறை சுமப்பதற்கு, சேமிப்பதற்கு அல்ல. தாவரப் பதனீட்டுத் தோலில் உள்ள துவர்ப்பும் ஈரமும் கரி எஃகைக் கறுக்கச் செய்யும். வீட்டுக்கு வந்ததும் கத்தியை வெளியே எடுத்துத் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். மாங்காய்ப் புளிப்பில் அலகு சாம்பல் பூத்துப் போகும். அது அழுக்கல்ல, ஓரளவு துருவைத் தடுக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தக் கத்திக்குள் இருக்கும் இரண்டு தொழிலையும் காலங்காலமாகச் செய்தவர்களை நம் ஊர்கள் சாதியின் பேரால் தனித்தனித் தெருக்களில் நிறுத்தின. தோல் வேலை செய்தவரை ஊருக்கு வெளியே வைத்தன. இன்று விருப்பத்துக்காகக் கற்கும் ஒருவர் ஆசாரியிடமும் செருப்பு தைப்பவரிடமும் போய் நின்றுதான் பாதிக் கல்வியைப் பெற முடியும். துவைச்சலுக்கும் தையலுக்கும் கூலி கொடுப்பதோடு, சொல்லித் தந்த நேரத்துக்கும் தனியாகப் பணம் கொடுங்கள்.