'கோஸ்ட் ஆஃப் சுஷிமா': வாங்குவதற்கு முன்

ஸ்டீமில் தள்ளுபடி தொடங்கினால் 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா' வாங்கலாமா என்ற விசாரிப்பும் தொடங்கிவிடும். 2020இல் பிளேஸ்டேஷன் 4க்கு வந்த விளையாட்டு இது. இக்கி தீவுக் கதையையும் சேர்த்த 'டைரக்டர்ஸ் கட்' 2021இல் வெளியானது. அதுவே 2024 மே மாதம் கணினிக்கும் வந்தது. தள்ளுபடி இல்லாவிட்டால் சில ஆயிரம் ரூபாய் ஆகும். பணத்தைவிடப் பெரிய செலவு நேரம்தான். முதன்மைக் கதையை முடிக்கவே சுமார் 25 மணி நேரம் பிடிக்கும். கதை நடக்கும் ஜப்பானின் சுஷிமா தீவை மூலைமுடுக்கெல்லாம் துழாவினால் 60ஐத் தாண்டும்.

சரித்திரம் தெரிந்துகொள்ளலாமே என்று வாங்க நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். 1274இல் மங்கோலியப் படை, கொரிய வீரர்களையும் சேர்த்துக்கொண்டு கடல் கடந்து சுஷிமாவில் இறங்கியது உண்மை. கொமோதா கடற்கரையில் சோ சுகேகுனி என்ற தலைவர் சுமார் 80 குதிரை வீரர்களோடு எதிர்த்து நின்று மடிந்தார் என்பது ஜப்பானில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அதற்குமேல் விளையாட்டில் வருவது பெரும்பாலும் கற்பனை. நாயகன் ஜின் சகாயும் எதிரி கோத்துன் கானும் உருவாக்கப்பட்ட பாத்திரங்கள். உண்மையில் அந்தப் படை சுஷிமாவில் நெடுநாள் தங்கவில்லை. இக்கியையும் சூறையாடிவிட்டு ஹகட்டா விரிகுடாவுக்கு நகர்ந்துவிட்டது. ஜின் அணியும் கவசம் பிந்தைய நூற்றாண்டுகளின் பாணி. அவன் பாறைமேல் அமர்ந்து கட்டும் ஹைக்கூவோ பல நூற்றாண்டு கழித்துத்தான் தனிக் கவிதை வடிவமாக எழுந்தது.

அமெரிக்காவின் சக்கர் பஞ்ச் நிறுவனம் அகிரா குரோசவாவின் படங்களைப் பார்த்து வளர்ந்த கண்களோடு இதைச் செய்திருக்கிறது. திரையைக் கறுப்பு வெள்ளையாக்கும் 'குரோசவா மோட்' கூட உண்டு. சரித்திரப் பிழைகளுக்காகச் சுஷிமாக்காரர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. 2020 புயலில் அங்குள்ள வத்தத்சுமி ஆலயத்தின் தோரி வாயில் விழுந்தபோது, அதை மீண்டும் எழுப்ப இந்த விளையாட்டின் ரசிகர்கள் பணம் அனுப்பினார்கள். வசூல் இலக்கைப்போல ஐந்து மடங்கைத் தாண்டியது. மறு ஆண்டு சுஷிமா நகரம், விளையாட்டின் இயக்குநர்கள் நேட் ஃபாக்ஸ், ஜேசன் கானல் இருவரையும் தன் சுற்றுலாத் தூதர்களாக்கியது.

அப்படியானால் எதற்காக வாங்குவது? என்னைக் கேட்டால், காற்றுக்காக. மற்ற பல திறந்தவெளி விளையாட்டுகளில் திரை ஓரத்தில் ஒரு குட்டி வரைபடம் இருக்கும். கண் அதிலேயே கிடக்கும். இங்கே அது இல்லை. கண்ட்ரோலரின் டச்பேடை மேல்நோக்கித் தேய்த்தால் காற்று எழுந்து, போக வேண்டிய திசையில் நாணற்பூக்களைச் சாய்க்கும். அதன் பின்னால் குதிரையை விடுவீர்கள். வழியில் நரி ஒன்று குறுக்கிட்டு ஒரு சிறு கோயிலுக்குக் கூட்டிப்போகும். போன காரியம் மறந்துபோகும். ஊர்சுற்றப் பிடித்தவர்களுக்குப் போட்ட காசு இதிலேயே வந்துவிடும்.

ஆனால் பத்தாவது நரிக்குப் பிறகும் அதே நரிதான். மூங்கில் வெட்டு, வெந்நீர் ஊற்று, மங்கோலிய முகாம் என்று தீவின் வடக்கு வரை அதே வரிசை திரும்பத் திரும்ப வரும். 'அசாசின்ஸ் கிரீட்' வரிசையில் இதே அலுப்பால் பாதியில் விட்டவர்கள் இதையும் பாதியில்தான் விடுவார்கள். வாள்சண்டை அருமை என்பது உண்மை. அது மட்டும் 60 மணி நேரத்தைத் தாங்காது.

வாங்குவது என்று முடிவானால் இடத்தையும் யோசிக்க வேண்டும். கணினிப் பதிப்புக்கு 75 ஜிபி இடம் வேண்டும். நன்றாக ஓட 16 ஜிபி ராமும் ஆர்டிஎக்ஸ் 2060 தரத்தில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டும் இருப்பது நல்லது. பலர் சேர்ந்து ஆடும் 'லெஜண்ட்ஸ்' பகுதிக்குப் பிளேஸ்டேஷன் கணக்கு கட்டாயம். தனியாக ஆட அது தேவையில்லை. ஸ்டீமில், வாங்கிய 14 நாட்களுக்குள், ஆடிய நேரம் இரண்டு மணிக்குள் இருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். கடற்கரைப் போரும் கோட்டைப் பாலத்துச் சண்டையும் முடிந்து தீவு கைக்கு வருவதற்குள் அதில் கணிசமான பகுதி கரைந்துவிடும். விளையாட்டுக்குள் கிராஃபிக்ஸ் செட்டிங்கை நோண்டிக்கொண்டிருக்கும் நேரமும் கணக்கில் சேரும். பிளேஸ்டேஷன் ஸ்டோரிலோ பதிவிறக்கம் தொடங்கிவிட்டாலே பணம் போனது போனதுதான். டிஸ்க் டிரைவ் உள்ள கன்சோல் வைத்திருப்பவர்கள் டிஸ்க்காக வாங்கிவிடலாம், பிடிக்காவிட்டால் விற்றுவிடலாமே.