பத்திரத்தில் வெள்ளம் இருக்கிறதா?

2018-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். கேரளத்தில் மழை விடவே இல்லை. ஆகஸ்ட் 9-ஆம் தேதி இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணை மதகைத் திறந்தார்கள். 26 ஆண்டுகளுக்குப் பிறகு அன்றுதான் திறந்தார்கள். பெரியாறு கரை புரண்டது. ஆலுவாவில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நெடும்பாசேரி விமான நிலையத்தையே மூட வேண்டி வந்தது. மாநிலம் முழுவதும் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். லட்சக்கணக்கான மக்கள் முகாம்களில் தங்கினார்கள்.

தண்ணீர் வடிந்தது. மக்கள் வீடு திரும்பினார்கள். உள்ளே எங்கும் சேறு. மெத்தை ஊறிக் கிடந்தது. அரிசி மூட்டை நாறியது. பீரோ கதவு திறக்கவில்லை. சுவரில் தண்ணீர் நின்ற கோடு ஆள் உயரத்துக்குத் தெரிந்தது.

அரசு உதவி செய்தது. வெள்ளம் புகுந்த குடும்பத்துக்கு முதல் உதவியாக 10,000 ரூபாய் கொடுத்தது. முழுவதும் இடிந்த வீட்டுக்கு 4 லட்சம் ரூபாய் என்று அறிவித்தது. அந்த நேரத்தில் அது பெரிய கைத்தாங்கல்தான். ஆனால் 10,000 ரூபாயை வைத்துக்கொண்டு மெத்தை வாங்குவதா, மோட்டாரைப் பழுது பார்ப்பதா, சுவரைப் பூசுவதா?

வீட்டுக்குக் காப்பீடு செய்திருந்தவர்கள் சிலரே. மோட்டார் சைக்கிளுக்கு இன்ஷூரன்ஸ் கட்டுகிறோம். கட்டாவிட்டால் போலீஸ் பிடிக்கும். வீட்டுக்கு இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஆயுள் முழுக்கச் சேர்த்த பணம் இருப்பது என்னவோ வீட்டில்தான்!

காப்பீடு என்றால் என்ன? பல பேர் ஆளுக்குக் கொஞ்சம் பணம் கட்டுகிறார்கள். அந்தப் பணத்துக்குப் பிரீமியம் என்று பெயர். நஷ்டம் வந்த சிலருக்கு அதிலிருந்து இழப்பீடு கிடைக்கிறது. நஷ்டம் வராவிட்டால் கட்டிய பணம் திரும்பாது. இதைச் சேமிப்பு என்று நினைத்துக் கட்டுகிறவர்கள் பிறகு ஏமாந்து போகிறார்கள்.

2021 ஏப்ரல் முதல் நம் நாட்டில் வீடுகளுக்கு ஒரே மாதிரியான பாலிசி வந்தது. அதன் பெயர் பாரத் கிருஹ ரக்ஷா. தீ, இடி, நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு எல்லாம் இதில் அடங்கும். வெள்ளத்துக்கென்று தனிப் பாலிசி தேட வேண்டாம். பிரீமியம் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இரண்டு மூன்று இடங்களில் விசாரிப்பது நல்லது.

எவ்வளவு தொகைக்குக் காப்பீடு செய்வது? இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். மனையின் விலையைச் சேர்க்கக் கூடாது. வெள்ளம் மண்ணைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. இடிந்த வீட்டைத் திரும்பக் கட்ட என்ன செலவாகும் என்பதுதான் கணக்கு.

வீட்டின் உள்ளளவு 500 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். அந்த ஊரில் ஒரு சதுர அடி கட்ட 1,500 ரூபாய் ஆகிறது. அப்படியானால் கட்டடத்துக்கு 7,50,000 ரூபாய். வீட்டிலுள்ள சாதாரணச் சாமான்களுக்கு இதில் 20 சதவீதம், அதாவது 1,50,000 ரூபாய், தானாகவே சேரும். சாமான்களுக்குப் பட்டியல் கொடுக்க வேண்டாம். இப்படித் தானாகச் சேரும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டாது. வாடகைக்கு இருப்பவர் சாமான்களுக்கு மட்டும் பாலிசி எடுக்கலாம்.

பழைய பாலிசிகளில் ஒரு சிக்கல் இருந்தது. 10 லட்சம் பெறும் வீட்டை 5 லட்சத்துக்கு மட்டும் ஒருவர் காப்பீடு செய்கிறார். வெள்ளத்தில் 2 லட்சம் நஷ்டம். பாதி மதிப்புக்குத்தானே கட்டினாய் என்று 1 லட்சம்தான் கொடுப்பார்கள். கிருஹ ரக்ஷாவில் அந்த வெட்டு இல்லை. ஆனாலும் 5 லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாயும் வராது. வீடே போய்விட்டால் அந்தக் குறைவு நன்றாகத் தெரியும்.

வங்கிக் கடனில் வீடு கட்டியவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கடன் வாங்கும்போதே இன்ஷூரன்ஸ் பிடித்துவிட்டார்கள் என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது எந்த இன்ஷூரன்ஸ்? கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடாக இருக்கலாம். வெள்ளத்துக்கு அது உதவாது. வீட்டுக் காப்பீடே என்றாலும் கடன் தொகை அளவுக்குக் கட்டடத்தை மட்டும் எழுதியிருக்கலாம். அப்போது டி.வி.க்கும் ஃபிரிட்ஜுக்கும் ஒன்றும் வராது. பாலிசியில் வங்கியின் பெயர் இருந்தால் கட்டட இழப்பீடு முதலில் வங்கிக்குத்தான் போகும். வங்கிக்குப் போய் நகல் கேட்டு வாங்கலாம். கேட்பது வீட்டுக்காரரின் உரிமை.

எல்லா நஷ்டத்துக்கும் பணம் கிடைக்காது. ரொக்கப் பணம் நனைந்து போனால் கிடைக்காது. வாசலில் நின்ற வண்டிக்கு இதில் கிடைக்காது. அதற்கு வண்டியின் பாலிசி வேண்டும். நகைக்குத் தனியாகக் கேட்டு எழுத வேண்டும். ஆறு கரையை அரித்து நிலம் சரிந்து வீடு விழுந்தால் அதை வெள்ளச் சேதமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பிரம்மபுத்திராவின் கரையில் ஆண்டுதோறும் ஊர்களே இப்படிக் கரைகின்றன. தண்ணீர் வந்து சுவர் விழுந்தால் உண்டு, அரிப்பில் விழுந்தால் இல்லை! வீட்டை இழந்தவருக்கு இந்த வித்தியாசம் எப்படிப் புரியும்? ஆற்றோரத்தில் இருப்பவர்கள் பணம் கட்டும் முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும்.

ஓலைக் கூரை, மூங்கில் தட்டி, தார்ப்பாய் வைத்த வீடுகளைக் கச்சா வீடு என்று தனியாக வகைப்படுத்துகிறார்கள். விண்ணப்பத்தில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். ஏஜெண்டு "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி வேறு மாதிரி எழுதினால் கையெழுத்துப் போடக் கூடாது. பிறகு மாட்டிக்கொள்வது கையெழுத்துப் போட்டவர்தான்.

வெள்ளம் வந்துவிட்டது. அடுத்து என்ன செய்வது? முதலில் உயிர். தண்ணீர் வடிந்து திரும்பியதும் துடைப்பத்தை எடுப்பதற்கு முன் படம் எடுக்க வேண்டும். சுவரிலுள்ள தண்ணீர்க் கோடு, விழுந்த சுவர், கெட்டுப்போன சாமான்கள் எல்லாம் படத்தில் தெரிய வேண்டும். கம்பெனிக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். சேதத்தைப் பார்த்த நாளிலிருந்து 30 நாளுக்குள் இழப்பீட்டுப் படிவம் கொடுக்க வேண்டும். கம்பெனி ஒரு சர்வேயரை அனுப்பும். அவர் சேதத்தைக் கணக்கிடுவார். அவர் வரும்வரை உடைந்த சாமான்களைக் குப்பையில் போட வேண்டாம்.

கிடைத்த தொகை குறைவு என்று தோன்றினால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம். முதலில் கம்பெனியிலேயே புகார் கொடுக்க வேண்டும். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. வக்கீலும் வேண்டாம்.

கேரளத்தில் அன்று பத்திரங்களும் வெள்ளத்தோடு போயின. ரேஷன் கார்டு, பட்டா, பள்ளிச் சான்றிதழ் எல்லாம் நனைந்து கூழாயின. அரசு தனியாக முகாம் நடத்தி மறுபடி கொடுத்தது. அதனால் பாலிசியை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரண்மேல் வைக்கலாம். ஒரு நகலை மேட்டுப் பகுதியில் இருக்கும் உறவினர் வீட்டில் கொடுத்து வைக்கலாம். பாலிசி எண்ணும் முடியும் தேதியும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். நோட்டில் எழுதினால் பென்சிலால் எழுதுங்கள். சில பேனாக்களின் மை தண்ணீரில் கரைந்துவிடும்.