கூடமல்ல, வீடு

மதுரையில் பிறந்தநாள், நினைவுநாள் வந்தால் குழந்தைகள் இல்லத்துக்கு ஒருவேளைச் சாப்பாடு கொடுப்பது பழகிப்போன நல்ல வழக்கம். ஆனால் அங்கே வளரும் பிள்ளைக்குப் பெரிய குறை பெரும்பாலும் சோறல்ல. இரவில் காய்ச்சல் வந்தால் யாரை எழுப்புவது என்பதுதான். நூறு பேர் படுக்கும் கூடத்தில் வார்டன்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

இதற்கு மாற்றாக ஆஸ்திரியாவின் இம்ஸ்ட் நகரில் 1949-இல் ஹெர்மன் க்மைனர் தொடங்கியதுதான் எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமம். பல வயதுப் பிள்ளைகள் சிலருக்கு ஒரு வீடு, ஒரு அம்மா. கூடப்பிறந்தவர்களைப் பிரிப்பதில்லை. மாதச் செலவுப் பணம் அம்மா கையில். மளிகை வாங்குவதும் சமைப்பதும் பள்ளிக்குப் போய் ஆசிரியரைப் பார்ப்பதும் அவர்தான். தாம்பரத்தில் இப்படியொரு கிராமம் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்திலும் அமைந்தது.

லெபனான், ஜோர்டான், எகிப்து, மொராக்கோ போன்ற அரபு நாடுகளிலும் இந்த முறை வேரூன்றியிருக்கிறது. காரணம் உண்டு. இஸ்லாமியச் சட்ட மரபில், எடுத்து வளர்க்கும் பிள்ளையின் வம்சப் பெயரை மாற்ற முடியாது. பிள்ளை தன் தகப்பன் பெயரோடே வளரும். வளர்ப்பவர் பொறுப்பாளர் மட்டுமே. 'கஃபாலா' என்ற இந்த ஏற்பாட்டை ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 20-ஆம் பிரிவும் ஏற்கிறது. அடையாளத்தை அழிக்காமல் அம்மாவைத் தரும் வீடு இந்த மரபோடு இயல்பாகப் பொருந்துகிறது. 2024 மார்ச்சில், போருக்கு நடுவே, காசாவின் ரஃபாவில் இருந்த எஸ்.ஓ.எஸ். கிராமத்திலிருந்து 68 குழந்தைகள் பெத்லகேமுக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, வளர்ப்பவர்களும் உடன் போனார்கள். அந்த உறவு வெறும் வேலையாக இருந்திருந்தால் அப்படிப் போயிருப்பார்களா?

நம் பக்கத்துக்கும் இது புதிதல்ல. நெல்லைச் சீமையின் டோனாவூரில் 1901 முதல் மிஷனரி ஏமி கார்மைக்கேல் பெண் குழந்தைகளைச் சிறு சிறு வீடுகளில் வளர்த்தார். பிள்ளைகளுக்கு அவர் 'அம்மா'. டி.வி.எஸ். நிறுவனரின் மகளான டாக்டர் சௌந்திரம், கணவர் ஜி. ராமச்சந்திரனோடு சின்னாளப்பட்டி அருகே 1947-இல் தொடங்கிய காந்திகிராமம், கைவிடப்பட்ட பச்சிளங்குழந்தைகளுக்கும் இடம் கொடுத்தது.

ஆனால் இல்லங்களின் மீதான கண்காணிப்பு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் மதுரை பார்த்துவிட்டது. 2021-இல் இங்குள்ள ஒரு காப்பகத்தில், குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டதாகப் போலி ஆவணம் காட்டி விற்ற விவகாரம் வெளிவந்தது. சிறார் நீதிச் சட்டம் 2015-இன்படி எந்த இல்லமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஒரு பிள்ளை எங்கே வளர வேண்டும் என்று முடிவுசெய்வது மாவட்டக் குழந்தைகள் நலக் குழு. நிர்வாகி அல்ல.

அந்தச் சட்டம் இல்லத்தைக் கடைசி வழியாகத்தான் வைக்கிறது. பாட்டியோ சித்தியோ இருந்தால் முதல் இடம் அவர்கள் வீடுதான். இல்லங்களில் இருக்கும் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமைதான் கொண்டுவந்து விட்டிருக்கிறது. அப்படிப்பட்ட குடும்பங்களுக்காகவே 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். ஆதரவற்ற குழந்தையைக் கண்டால் நீங்களாக எந்த இல்லத்திலும் சேர்க்காதீர்கள், 1098-ஐ அழையுங்கள்.

கொடுக்க மனமிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். ஒரு அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள், அவர் எத்தனை வருடமாக இருக்கிறார் என்று விசாரியுங்கள். பதில் திருப்தியாக இருந்தால், பிரியாணிக்கு வைத்த பணத்தை அந்த அம்மாவின் சம்பளத்துக்கு மாதாமாதம் கொடுங்கள்.